நோய்ப் பெயர்களின் முடிவில் வரும் 'ஐற்றிஸ்' என்பதன் பொருள் என்ன? அது எங்கிருந்து வந்தது?

உங்கள் வீட்டிலும் யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து இப்படி ஒரு பெயரோடு வந்திருக்க வேண்டும். 'ஐற்றிஸ்' என்றால் அழற்சி. அந்த இடம் சிவந்து வீங்கி நோகிறது, அவ்வளவுதான். நான் டொக்டர் இல்லை, களுவாஞ்சிகுடியில் ஆங்கிலம் படிப்பிக்கிறவன். மருந்து கேட்டு யாரும் எழுத வேண்டாம்.

என் பெரியம்மாவின் கிளினிக் கொப்பியில் ஒருமுறை 'காஸ்ற்றைற்றிஸ்' என்று எழுதியிருந்தது. அது புற்றுநோய்க்கு இன்னொரு பெயர் என்று யாரோ சொல்லிவிட, மனுசி சாப்பாட்டையே விட்டுவிட்டார். முன்பாதி கிரேக்கத்தில் வயிறு, பின்பாதி அழற்சி என்று பிரித்துச் சொன்னேன். "வயிறு எரியுது எண்டு சொல்லவா மனே இவ்வளவு இங்கிலீசு?" என்றார். மறுகா சோறு போடச் சொன்னார்.

பழைய கிரேக்கத்தில் இந்த விகுதிக்கு அழற்சி என்ற பொருளே கிடையாது. 'இதைச் சேர்ந்தது' என்றுதான் பொருள். 'ஆர்த்ரைற்றிஸ் நோசொஸ்' என்றால் மூட்டைச் சேர்ந்த நோய். நோசொஸ், அதாவது நோய், அங்கே பெண்பால் சொல். அதனால் விகுதியும் பெண்பால் வடிவம் எடுத்தது. நாளடைவில் நோசொஸ் உதிர்ந்து வால் மட்டும் மிஞ்சியது. பிற்கால ஐரோப்பிய வைத்தியர்கள் அந்த வாலை அழற்சிக்கென்றே ஒதுக்கிக்கொண்டார்கள். 1886இல் அமெரிக்க வைத்தியர் ரெஜினால்ட் ஃபிட்ஸ் குடல்வால் அழற்சிக்கு 'அப்பென்டிசைற்றிஸ்' என்று பெயர் வைத்தார். லத்தீன் தலை, கிரேக்க வால். இரண்டையும் கலக்கலாமா என்று சண்டைக்கு வருகிறவர்கள் முதலில் 'பஸ்காரன்' என்று சொல்வதை நிறுத்திவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. அழற்சி என்றாலே கிருமி என்று நினைத்து அன்டிபயோற்றிக் கேட்கிறார்கள். குடியாலும் ஈரல் அழற்சி வரும், அதுவும் ஹெப்பற்றைற்றிஸ்தான். ரொன்சில் அழற்சி பெரும்பாலும் வைரசால் வருவது, அதற்கு அன்டிபயோற்றிக் வேலை செய்யாது. பெயர் இடத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

தமிழ் மட்டுமே தெரிந்தவர்களின் கொப்பியில் ஆங்கிலத்தில் எழுதுவது ஏன் என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். சரி, அதையாவது விடலாம். கிளினிக் நாளில் கொப்பியும் கையுமாக நிற்கும் கிழவிகளைக் கண்டால் நிறுத்தாமல் போகும் பஸ்ஸை என்ன செய்வது? யாரிடம் முறையிடுவதென்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.