போர்ட் லூயிஸில் எங்கே சாப்பிடலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

மொரீஷியஸுக்கு வரப்போகிறவர்களும் இங்கேயே இருக்கிறவர்களும் அனுப்பிய சாப்பாட்டுக் கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. கடற்கரை விடுதிகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தலைநகரில் சாதாரணமாக உட்கார்ந்தோ நின்றோ நன்றாகச் சாப்பிட வேண்டும், அதற்கு எங்கே போவது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். போர்ட் லூயிஸ் ஒரு மதியச் சாப்பாட்டு ஊர். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பதில்கள் எளிதாகப் புரியும்.

சொகுசுக் கப்பலில் வருகிறோம். போர்ட் லூயிஸில் ஒரு பகல் மட்டுமே இருப்போம். நான்கு பேர், அதில் ஒரு சிறுவன். என்ன சாப்பிடலாம்? (சென்னை வாசகர்)

கப்பலில் காலை உணவைத் தவிர்த்துவிட்டு நேராக மத்தியச் சந்தைக்கு வாருங்கள். காலையில் இந்த ஊர் சாப்பிடுவது காத்தோ பிமா. பருப்பை ஊறவைத்து அரைத்து, பச்சை மிளகாய், வெங்காயத்தாள், கொத்தமல்லி சேர்த்துப் பொரித்தது. நம் மசால் வடையின் தம்பி என்றே சொல்லலாம், அளவில்தான் சிறியது. ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவி, சூடாக மூன்று நான்கை உள்ளே வைத்துக் கொடுப்பார்கள். வெண்ணெய் உருகி ரொட்டியில் இறங்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். ஆறிப்போனதை வாங்காதீர்கள்.

அடுத்து சந்தைக்குள் இருக்கும் அலூடா பிள்ளை கடை. பாலில் சப்ஜா விதையும் கடற்பாசித் துருவலும் போட்டு, வாசனைப் பாகு சேர்த்து, நன்றாகக் குளிரவைத்துக் கொடுக்கும் பானம் அலூடா. சிறுவனுக்கு நிச்சயம் பிடிக்கும்.

மதியத்துக்குத் தால் பூரி, அதாவது உள்ளே பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி. பன்னிரண்டு மணிக்கு அலுவலகங்கள் வெளியே வந்துவிடும், பதினொன்றரைக்கே வரிசையில் நில்லுங்கள். சாப்பிட்ட பிறகு ஆப்ரவாசி காட் வரை நடந்து போங்கள், பக்கத்தில்தான். 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஏறிய பதினாறு படிகள் அங்கே இருக்கின்றன. சற்று முன்பு நீங்கள் சாப்பிட்ட தால் பூரி பீகாரிலிருந்து அப்படி வந்தவர்களோடு வந்ததுதான். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி வந்த நம்மவர்களும் அந்தப் படிகளில் ஏறியிருக்கிறார்கள்.

கப்பல் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சந்தை மதியத்தோடு முடிந்துவிடும், அதற்கேற்பச் சீக்கிரம் கிளம்புங்கள்.

என் அம்மா முட்டைகூடத் தொடமாட்டார். சந்தைக் கடைகளை நம்பலாமா? (கும்பகோணம் வாசகி)

தாராளமாக வரலாம், ஆனால் சில இடங்களில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தால் பூரியும் அதோடு வரும் பட்டர் பீன்ஸ் குழம்பும் ரூகாய் என்ற தக்காளிக் குழம்பும் சைவம். காத்தோ பிமாவும் அப்படியே. ஆனால் அதே எண்ணெயில் கோழி சமோசாவும் பொரிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கு அது முக்கியமாக இருக்கும். ஃபராத்தா என்று விற்பது பரோட்டா. உள்ளே வைக்கும் குழம்பு எது என்று மட்டும் கேளுங்கள்.

சைவம் போலத் தோன்றிச் சிக்க வைப்பவை வேறு. சௌசௌ காயில் செய்யும் நியூக் யென் என்ற கொழுக்கட்டையில் பெரும்பாலும் காய்ந்த இறால் இருக்கும். சில வீடுகளிலும் கடைகளிலும் கீரையை உப்புக்கருவாடு சேர்த்து வதக்குவார்கள். காய்கறி நூடுல்ஸ் கேட்டாலும் முட்டை கலந்து வரலாம், சிப்பிச் சாறும் ஊற்றியிருக்கலாம். கடைக்காரரிடம் 'சான் லாவியான், சான் ப்வாசோன், சான் திஸேஃப்' என்று சொல்லுங்கள். இறைச்சி, மீன், முட்டை வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். தயங்க வேண்டியதில்லை. காவடி விரதமும் புரட்டாசி கோவிந்தன் விரதமும் இருக்கும் ஊர் இது, விரதக்காரர்கள் இப்படிக் கேட்பது கடைக்காரர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

தீவிலேயே நல்ல தால் பூரி எது? (குவாத்ர் போர்ன் வாசகர்)

ரோஸ் ஹில்லில் உள்ள தேவா அண்ட் சன்ஸ் பெயரைத்தான் பலரும் முதலில் சொல்வார்கள், நானும் அப்படித்தான். போர்ட் லூயிஸிலிருந்து மெட்ரோவில் ஏறினால் அரை மணிக்குள் ரோஸ் ஹில் வந்துவிடும்.

ஆனால் பெயரைவிடப் பூரியைப் பார்க்கக் கற்றுக்கொள்வது நல்லது. வேகவைத்து அரைத்த பருப்பு மாவுக்குள் ஓரம் வரை பரவியிருக்க வேண்டும். பிய்த்தால் பொடி உதிர வேண்டும். துணி போட்ட பெட்டிக்குள் மூடிவைத்து எடுத்துக் கொடுக்கும் கடையில் பூரி மென்மையாக இருக்கும். திறந்து அடுக்கிவைத்த இடத்தில் ஓரம் காய்ந்து அப்பளமாகிவிடும். எப்போதும் இரண்டு இரண்டாகத்தான் தருவார்கள், ஒரு ஜோடி ஒருவருக்குத் தொடக்கம். குழம்பைக் குறைத்து ஊற்றச் சொல்லுங்கள். பூரியின் சீரக வாசனை தெரிய வேண்டும் அல்லவா?

வேலை முடிந்து மாலை ஏழு மணிக்குப் போர்ட் லூயிஸில் சாப்பிட இடமே கிடைக்கவில்லை. எங்கே போவது? (எபேன் வாசகர்)

நீங்கள் போன நேரம் அப்படி. அலுவலகங்கள் மூடியதும் ஊர் வெறிச்சோடிவிடும், நல்ல சிறு கடைகள் அதற்கு முன்பே அடுப்பை அணைத்துவிடும். இரவென்றால் கோதான் நீர்முனைப் பக்கம்தான் வெளிச்சம். நீங்கள் எபேனில் இருந்துகொண்டு இரவில் தலைநகருக்குப் போவானேன்? ரோஸ் ஹில், குவாத்ர் போர்ன் பக்கத்திலேயே இருக்கின்றன. தலைநகருக்கு ஒரு மதியம் விடுப்புப் போட்டு வாருங்கள்.

ஏழு கறிச் சாப்பாடு எந்த உணவகத்தில் நன்றாக இருக்கும்? (சிங்கப்பூர் வாசகி)

உணவகத்தைச் சொல்வதற்கு முன் கோயிலைச் சொல்லிவிடுகிறேன். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை. சனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ வரும். காவடி இறக்கி அபிஷேகம் முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் இலை போடுவார்கள். சோறு, பூசணி, பலாக்காய், வாழைக்காய், பீன்ஸ், கீரை, பருப்பு, சட்னி, ரசம், பாயசம் என்று வரும். எந்த ஏழு என்பது ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். இதில் எனக்கு முதலிடம் பலாக்காய்க் கறி. பிஞ்சுப் பலாவைப் பொடியாக நறுக்கி மசாலாவில் சுருளச் சுருள வதக்குவார்கள், பொறுமை இல்லாதவர் செய்தால் வராது. நம் ஊர் விருந்துச் சாம்பாரை எதிர்பார்த்து உட்காராதீர்கள், இது நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தனியாக வளர்ந்த தமிழ்ச் சமையல். ரசம் நன்றாகப் புளித்து, பூண்டும் மிளகும் தூக்கலாக இருக்கும். கடைசியில் அதைக் கையில் வாங்கிக் குடியுங்கள்.

போர்ட் லூயிஸில் கைலாசன் கோயில் பெரியது. வெளியூர்க்காரர் என்று யாரும் ஒதுக்க மாட்டார்கள். அடக்கமான உடை, வெறுங்கால், பசி இருந்தால் போதும். முடிந்தால் இலை எடுக்கவும் தண்ணீர் ஊற்றவும் கைகொடுங்கள்.

நீங்கள் வரும் மாதத்தில் விழா இல்லை என்றால், சில உணவகங்களும் விடுதிகளும் குறிப்பிட்ட நாட்களில் வாழையிலையில் ஏழு கறி போடுகின்றன. முந்தைய நாளே கேட்டு வையுங்கள். சாப்பாடு குறை சொல்ல முடியாததாக இருக்கும். ஆனால் இருநூறு பேருக்குப் பெரிய பாத்திரத்தில் கொதித்த கறிக்கு வரும் ருசி அதற்கு வராது. புரட்டாசி கோவிந்தன் நாட்களில் தமிழ்க் குடும்பம் யாரையாவது தெரிந்தால், அழைப்பு தானாகவே வரும்.

சைனாடவுனில் எதை, எப்படிக் கேட்டு வாங்குவது? (பெங்களூரு வாசகர்)

முதலில் புலேத். ஆவியில் வெந்த சிறு உருண்டைகள். தட்டுத் தட்டாக வைத்திருப்பார்கள், வேண்டியதைக் காட்டினால் எண்ணிக் கிண்ணத்தில் போட்டு, மேலே தெளிந்த சூப் ஊற்றுவார்கள். சௌசௌ உருண்டை, மீன் உருண்டை, கோழி சாவ் மாய் என்று கலந்து வாங்குங்கள். பூண்டுத் தண்ணீரும் மிளகாய் விழுதும் மேசையில் இருக்கும். பூண்டுத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றலாம், விழுதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

இரண்டாவது, 'மின்' என்று எழுதியிருக்கும் நூடுல்ஸ். பெரிய தீயில் வதக்கியதும் உண்டு, வேகவைத்து மேலே கறி போட்டதும் உண்டு. எனக்கு வேகவைத்ததுதான் பிடிக்கும், சமையல்காரரின் கை அதில்தான் தெரியும்.

மூன்றாவது, போல் ரான்வெர்சே. கிண்ணத்தின் அடியில் பொரித்த முட்டை, அதன்மேல் கோழியும் காயும் வதக்கியது, அதற்கும் மேல் சோறு. தட்டில் கவிழ்த்தால் முட்டை உச்சியில் உட்காரும். இது மொரீஷியஸ்ச் சீனர்களின் உணவு, அதனால் இங்கேதான் சாப்பிட வேண்டும். மேசையில் உட்கார்ந்து குடும்பமாகச் சாப்பிட ராயல் சாலையில் ஃபர்ஸ்ட் ரெஸ்டாரண்ட் இருக்கிறது. பன்றி இறைச்சி வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை பிரியாணி என்கிறார்களே? (திருச்சி வாசகர்)

வாங்குங்கள். ஜும்மா பள்ளிவாசல் பக்கத் தெருக்களில் தேடுங்கள். உருளைக்கிழங்கு பெரிய துண்டுகளாக இருக்கும், அதை ஒதுக்கிவிடாதீர்கள், மசாலா முழுவதும் அதில்தான் இறங்கியிருக்கும்.

நாங்கள் யாழ்ப்பாணத்தார். கணவாய், நண்டு உறைப்பாகச் சாப்பிட்டுப் பழகியவர்கள். அங்கே எங்களுக்கு என்ன கிடைக்கும்?

ஊரித் கேளுங்கள், உங்கள் சாக்குக்கணவாய்தான் (ஆக்டோபஸ்). குழம்பாகவும் வரும், வெங்காயமும் எலுமிச்சையும் சேர்த்த சாலடாகவும் வரும். உங்களுக்குக் குழம்புதான் சரி. ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை அதைப் பிடிக்கத் தடை இருக்கும், அந்த மாதங்களில் அதைக் கேட்காமல் இருப்பதே நல்லது. அப்போது மீன் விந்தாய் சாப்பிடுங்கள். பொரித்த மீனைக் கடுகு, மஞ்சள், பூண்டு, வினிகரில் ஊறவைத்தது, அடுத்த நாள் இன்னும் நன்றாக இருக்கும். உங்கள் தூளின் உறைப்பு இங்கே குழம்பில் இருக்காது, தனியாகக் கிண்ணத்தில் வரும் மசாவாரு என்ற மிளகாய் விழுதில்தான் இருக்கும்.

தமிழாசிரியை நான். தஞ்சாவூரிலிருந்து ஆறு விருந்தினர் வருகிறார்கள். நல்ல இந்திய உணவகத்துக்கு அழைத்துப் போகட்டுமா? (மோக்கா வாசகி)

வேண்டாம் அம்மா. தஞ்சாவூரிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே பன்னீர் பட்டர் மசாலா எதற்கு? வீட்டிலேயே சமைத்து விருந்தினருக்கு மேசை போடும் தாப்ல் தோத் வீடுகள் இருக்கின்றன. ஆறு பேர் என்று முன்னரே சொல்லி ஏற்பாடு செய்யுங்கள். ரூகாய், பருப்பு, முருங்கைக்கீரை, மீன் அல்லது கோழிக் கறி, ஊறுகாய் எல்லாம் ஒரே மேசைக்கு வரும். குளிர்காலமாக இருந்தால் மான்கறி உண்டா என்று கேளுங்கள். 1639-இல் டச்சுக்காரர்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட மான்கள் அவை, வேட்டைப் பருவத்தில் கறி நன்றாகக் கிடைக்கும். விருந்தினரில் சைவர்கள் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள், அவர்களுக்கும் தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாத குறை வராது.

அட்டை வாங்குவார்களா? டிப்ஸ் எவ்வளவு? (கோவை வாசகர்)

தெருக் கடைகளுக்கு ரொக்கம் வையுங்கள், சின்ன நோட்டுகளாக. நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் நம் ரங்கநாதன் சீனிவாசன், நோட்டில் தமிழ் எழுத்தும் இருக்கும், குழந்தைகளுக்குக் காட்டுங்கள். உணவகங்களில் அட்டை செல்லும். 15 சதவீத வரி விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பட்டியலின் அடியில் பார்த்துக்கொள்ளுங்கள். டிப்ஸ் கட்டாயம் இல்லை. சேவை பிடித்திருந்தால் உங்கள் விருப்பம்.