மூன்று பேரும் ‘முடியாது’ சொல்வார்கள், எங்கே சொல்வார்கள் என்பதுதான் விஷயம்

கேள்வி: பிரிட்டிஷ்காரர், ஐரிஷ்காரர், ஜப்பானியர் மூவருமே மனதில் இருப்பதை நேரடியாகச் சொல்லாமல் சிரித்துக்கொண்டே கழுத்தறுப்பார்களாமே? அயர்லாந்தில் இருக்கும் ஜப்பானியக் கம்பெனியில் வேலை கிடைத்தால் போகலாமா?

உங்கள் கையில் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது, வீட்டில் யாரோ பயமுறுத்துகிறார்கள் என்று நினைக்கிறேன். என்னையும் பயமுறுத்தினார்கள். லண்டனில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வந்த உறவினர் ஒருவர், “அவனுங்க வாயில ஒண்ணு, மனசுல ஒண்ணும்மா” என்று என் அம்மாவிடம் சொல்லி, அம்மா ஒரு வாரம் தூங்கவில்லை. அந்த வாசகத்தை இன்றைக்கும் கல்யாண வீடுகளில் கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமான பதில்.

மதுரையில் பி.ஃபார்ம் முடித்து, ஹைதராபாத்தில் மருந்துத் தொழிற்சாலைகளில் குவாலிட்டி பிரிவில் இருந்துவிட்டு டப்ளின் பக்கம் வந்தவள் நான். தாய்க் கம்பெனி ஜப்பானில், தொழிலாளர்களும் சூப்பர்வைசர்களும் ஐரிஷ், புராஜெக்ட் வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்தவர்கள் வட இங்கிலாந்துக்காரர்கள். மூன்று பேரையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அப்படித்தான் கிடைத்தது. கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன். கண்டுபிடித்தவர்கள் கமெண்டில் எழுதாமல் இருந்தால் நல்லது.

“ஒரு நாட்டையே பொதுமைப்படுத்தலாமா” என்று வரப்போகிறவர்களுக்கு: தெரியும். நாடுகளின் பண்பாட்டை எண்களால் ஒப்பிடும் ஹாஃப்ஸ்டீட் அட்டவணையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிச்சயமில்லாத நிலையை ஒரு நாட்டு மக்கள் எவ்வளவு தவிர்க்கப் பார்க்கிறார்கள் என்று அதில் ஓர் அளவு உண்டு. பிரிட்டனுக்கு 35, அயர்லாந்துக்கும் 35, ஜப்பானுக்கு 92. இதைப் பார்த்தால் பிரிட்டனும் அயர்லாந்தும் இரட்டைப் பிள்ளைகள். அவர்களோடு ஒரு ஷிஃப்ட் நின்று பாருங்கள், அப்புறம் பேசலாம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜப்பானுக்குப் போகும் ஒரு மருந்தின் அட்டைப்பெட்டியை வேறு சப்ளையரிடம் வாங்கலாம் என்று யோசனை வந்தது. விலை கணிசமாகக் குறையும். புராஜெக்ட்டை நடத்திய இங்கிலாந்துக்காரர் அழகான ஸ்லைடுகளோடு வீடியோ மீட்டிங்கில் விளக்கினார். திறமையான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஜப்பான் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் சொல்லச் சொல்லத் தலையாட்டினார்கள். கேள்வி உண்டா என்று கேட்டதும் அமைதி. மூத்தவர் பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுத்தார், தலையைக் கொஞ்சம் சாய்த்தார், “பரிசீலிக்கிறோம்” என்றார். மீட்டிங் முடிந்தது. அன்று மாலையே மினிட்ஸ் வந்தது: ‘கொள்கையளவில் ஒப்புதல்’.

நான் வாயைத் திறக்கவில்லை. மீட்டிங் அறைக்கு வெளியே பேக்கிங் சூப்பர்வைசர், அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்துக்காரர், என் பக்கம் குனிந்து, “ஆமாமா, நாளைக்கே பெட்டி வந்து இறங்கிடும்” என்று சொல்லிவிட்டுக் கண்ணடித்துக்கொண்டு போனார். அந்தக் காற்றிழுப்பை என்னைப் போலவே அவரும் பார்த்திருந்தார். ஆனால் அறைக்குள் இருந்தவரை அவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

வாரங்கள் ஓடின. மாற்றத்துக்கு எல்லோரும் ஒப்புதல் தர வேண்டிய சேஞ்ச் கன்ட்ரோல் படிவத்தில் ஜப்பான் கையெழுத்து மட்டும் வரவில்லை. நினைவூட்டல் போனால் மிக மரியாதையான பதில் வரும், கையெழுத்து வராது. இங்கிலாந்துக்காரர் அடுத்த மெயிலில் ‘சற்றே ஏமாற்றம்’ என்று எழுதினார். அதைப் படித்துவிட்டு, ஐரிஷ் ஆட்கள் “ஐயோ, ஆள் கொதிச்சுப் போயிருக்கார்” என்றார்கள். ஜப்பானியர்களுக்கு அது ஒரு சாதாரண மெயில்.

அந்தக் கட்டத்தில் என் மேனேஜரிடம் சொல்லிவிட்டு, ஜப்பான் பக்கத்தில் நடுமட்டத்தில் இருந்த ஒருவரைத் தனியாக அழைத்துப் பேசினேன். மீட்டிங் கிடையாது, மினிட்ஸ் கிடையாது. இரண்டாவது அழைப்பில்தான் விஷயம் வந்தது. புதிய அட்டையின் மேற்பூச்சு உரசலில் லேசாக மங்குகிறது. நமக்கு அது பெரிய குறை கிடையாது, மருந்துக்கு எதுவும் ஆகாது. ஆனால் ஜப்பானில் பெட்டியில் கீறல் இருந்தாலே புகாராக வரும். வந்தால் அவர் பிரிவில் இருக்கும் ஓர் இளைஞர் அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு நேரில் போய்த் தலைகுனிந்து நிற்க வேண்டும். இதை இருபது பேர் முன்னால் சொன்னால் ஸ்லைடு போட்டவரின் முகம் சுருங்கும் என்பதால் அவர்கள் சொல்லவில்லை. முன்கூட்டியே யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். மீட்டிங்குக்கு முன் ஒவ்வொருவராகப் போய்ப் பேசி முடித்துவிடும் இந்த வேலைக்கு நெமவாஷி என்று பெயர். மீட்டிங்கில் முடிவெடுப்பார்கள் என்று நம் பக்கத்து ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஜப்பானியர்களுக்கு மீட்டிங் என்பது எடுத்த முடிவை எல்லோருமாகப் பார்த்துக்கொள்ளும் சடங்கு.

பூச்சை மாற்றச் சொல்லி சப்ளையரிடம் கேட்டோம், மாதிரியை முதலில் அந்த நடுமட்ட மனிதருக்கு அனுப்பினோம். அடுத்த மீட்டிங் டீ ஆறுவதற்குள் முடிந்தது. கம்பெனி செய்திமடலில் யார் படம் வந்தது என்று கேட்காதீர்கள்.

ஆக, ஜப்பானியர் ‘முடியாது’ என்பதை மீட்டிங்குக்கு முன்பே சொல்லிவிடுகிறார், கேட்க ஆள் இருந்தால். ஐரிஷ்காரர் மீட்டிங் முடிந்து காரிடாரில் சொல்கிறார், கிண்டலாக. பிரிட்டிஷ்காரர் மட்டும்தான் மீட்டிங்குக்குள்ளேயே சொல்கிறார், ஆனால் அதை ‘சற்றே’, ‘கொஞ்சம்’, ‘சுவாரசியமான யோசனை’ என்ற சொற்களுக்குள் மடித்து வைத்துவிடுகிறார். மூவரும் மறைக்கவில்லை. நாம் தவறான இடத்தில் காதை வைத்திருக்கிறோம்.

பிரிட்டிஷ்காரர்கள் எதையும் குறைத்துச் சொல்வதை வெறும் ஸ்டைல் என்று நினைத்துவிடாதீர்கள். 1982 ஜூன் 24 இரவு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 9 என்ற விமானம், லண்டனில் கிளம்பி பம்பாய், மெட்ராஸ், கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து போகிற வண்டி, ஜாவா அருகே கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்தது. கேப்டன் எரிக் மூடி பயணிகளுக்கு அறிவித்தார்: நமக்கு ஒரு சின்னப் பிரச்சினை, நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன, மறுபடி ஓடவைக்க முடிந்ததையெல்லாம் செய்கிறோம், நீங்கள் ரொம்பக் கலங்கவில்லை என்று நம்புகிறேன். எஞ்சின்கள் மறுபடி உயிர்பெற்றன, ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கினார்கள். அந்தத் தொனி அங்கே மனிதர்களைக் கட்டுக்குள் வைத்தது.

அதே தொனி இன்னொரு இடத்தில் வேலைக்கு ஆகவில்லை. 1951 ஏப்ரல், கொரியப் போர், இம்ஜின் ஆறு. சீனப் படை நெருக்கிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிரோடி நிலைமை ‘கொஞ்சம் இக்கட்டு’ என்ற அளவில் அமெரிக்க மேலதிகாரியிடம் சொன்னார். பிரிட்டிஷ் படை சமாளித்துக்கொள்கிறது என்று அந்த அமெரிக்கர் எடுத்துக்கொண்டார் என்பதுதான் அந்தச் சண்டையைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படுவது. குளோஸ்டர்ஷயர் ரெஜிமென்ட்டைச் சேர்ந்த 500-க்கும் மேற்பட்டவர்கள் சிறைபிடிக்கப்பட்டார்கள். ஒரு யார்க்‌ஷயர்காரர் உங்களிடம் ‘கொஞ்சம் இக்கட்டு’ என்றால் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுங்கள்.

ஐரிஷ்காரர்களிடம் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. வீட்டுக்குப் போனால் டீ வேண்டுமா என்பார்கள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அட குடிங்க என்பார்கள். மறுபடி வேண்டாம் என்க வேண்டும். மூன்றாவது முறை கப் கைக்கு வந்துவிடும். எங்கள் ஆரப்பாளையம் வீட்டில் நடப்பது அப்படியே. இங்கிலாந்து நண்பர் வீட்டில் இதே கணக்கில் முதல்முறை வேண்டாம் என்றால் அவ்வளவுதான், மறுபடி கேட்க மாட்டார்கள். உங்கள் ‘வேண்டாம்’ என்பதை மதிப்பது அவர்கள் ஊர் மரியாதை.

ஐரிஷ்காரரை மட்டும் தவறியும் பிரிட்டிஷ் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். மற்ற எதை மன்னித்தாலும் இதை மன்னிப்பது சிரமம். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், கிட்டத்தட்ட அதே அளவு பேர் நாட்டை விட்டுப் போனார்கள். அது அவர்களுக்குப் பாடப்புத்தகச் செய்தி மட்டுமில்லை. 2011 மே மாதம் எலிசபெத் ராணி டப்ளின் வந்தபோது விருந்துப் பேச்சை ஐரிஷ் மொழியில் ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ் வியப்பில் வாய்விட்டே ‘வாவ்’ என்றார். முந்தின நாள் விடுதலைக்காகச் செத்தவர்களின் நினைவுத் தோட்டத்தில் ராணி தலைகுனிந்து நின்றதைப் பற்றி எங்கள் கேன்டீனில் இன்றும் பேசுவார்கள். பேசுகிறவர்களில் பாதிப் பேருக்கு ராணியைப் பிடிக்காது.

“ஜப்பானியன் மேல் கீழ் பார்ப்பான், வெள்ளைக்காரன் சமமாக நடத்துவான்” என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. இங்கிலாந்தில் மேனேஜர்களுக்குத் தனிச் சாப்பாட்டறை வைத்திருந்த தொழிற்சாலைகள் ஏராளம். 1986-இல் சண்டர்லேண்டில் நிஸ்ஸான் உற்பத்தியைத் தொடங்கியபோது எல்லோருக்கும் ஒரே கேன்டீன், ஒரே யூனிஃபார்ம் என்பதுதான் அங்கே பெரிய பேச்சு. ஜப்பானில் படிநிலை பேச்சில் இருக்கிறது, வணக்கத்தில் இருக்கிறது, யார் எங்கே உட்கார வேண்டும் என்பதில் இருக்கிறது. சோற்றில் இல்லை.

இந்த மூன்று குணத்தையும் ஒரே நாளில் பார்த்தது ஒரு துக்க வீட்டில். அதே கெர்ரி சூப்பர்வைசரின் அப்பா இறந்துவிட்டார். அயர்லாந்தில் இரண்டு மூன்று நாளில் அடக்கம் முடிந்துவிடும். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று ஆர்ஐபி டாட் ஐஇ என்ற தளத்தில் போட்டுவிடுவார்கள். செத்தவரைப் பார்த்தே இராத சக ஊழியர்களும் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, மணிக்கணக்கில் கார் ஓட்டிப் போனார்கள். வரிசையில் நின்று குடும்பத்தார் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நகர வேண்டும். இங்கிலாந்துக்காரர் வரவில்லை, அழகான கார்டு அனுப்பினார். குடும்பத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தார். அவர் ஊரில் அடக்கத்துக்கே இரண்டு மூன்று வாரம் ஆகும். ஐரிஷ் ஆட்கள் அதைக் கொஞ்ச நாள் மறக்கவில்லை. எனக்கு அவர் மேல் பரிதாபம்தான் வந்தது.

ஜப்பானிலிருந்து தற்காலிகமாக வந்திருந்தவர் எங்களோடு கருப்பு சூட், கருப்பு டையில் வந்தார். அவர்கள் வழக்கப்படி உறையில் பணம் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். விதவை அம்மா பணத்தைப் பார்த்துத் திகைத்துப் போனார். சூப்பர்வைசர் சட்டென்று, “அம்மா, அது அவங்க ஊர் மாஸ் கார்டு” என்றார். செத்தவருக்காகத் திருப்பலி வைக்கப் பாதிரியாரிடம் காணிக்கை கொடுத்து வாங்கிக் கொடுப்பார்களே, அந்த கார்டு. அம்மா உறையை வாங்கி மற்ற கார்டுகளோடு வைத்துக்கொண்டார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். நம் ஊர்ப் பெயருக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது என்பதை எந்த நாட்டுப் படிவத்துக்கும் புரியவைக்க முடியவில்லை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர். ஜப்பானியர் குடும்பப் பெயரோடு ‘சான்’ சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். ஆக வருடக்கணக்காக என் அப்பாவைத்தான் அவர்கள் மரியாதையோடு அழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் உரக்கடையில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு ஒசாகாவில் இவ்வளவு செல்வாக்கு. இங்கிலாந்துக்காரர் என் பெயரை மூன்று எழுத்தாக வெட்டிவிட்டார், என்னைக் கேட்காமலே. ஐரிஷ் ஆட்கள் மட்டும் முழுப் பெயரையும் சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். எழுதுவது ஒன்று, உச்சரிப்பது ஒன்று என்று அவர்கள் பெயர்களும் இங்கிலாந்தில் அடிபடுவதால் இருக்கலாம். திருமணமான பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்க்கச் சொல்கிறார்கள் வீட்டில். சேர்த்தால் ஒசாகா மெயில் ஐடியிலிருந்து எல்லாம் மாற்ற வேண்டும், நான் மாட்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போங்கள். ஜப்பானியர் மௌனத்தைப் பார்த்து பயந்து கெட்ட செய்தியைத் தள்ளிப்போடாதீர்கள். அறிக்கை, தகவல், ஆலோசனை மூன்றையும் உடனுக்குடன் கேட்பார்கள், ஹோரென்ஸோ என்று அதற்கு விதியே உண்டு. பேட்ச் கெட்டுப்போனதை அன்றே சொன்னால் திட்ட மாட்டார்கள், மூன்றாம் நாள் சொன்னால் கதை வேறு. ஐரிஷ்காரர்கள் உங்களைக் கிண்டல் செய்யவில்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். ஜப்பானில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, அதனால் கோடையில் காலை எட்டுக்கு இருக்கும் ஜப்பான் மீட்டிங் அக்டோபர் கடைசி ஞாயிறுக்குப் பிறகு ஏழு மணிக்கு வந்துவிடும். அந்த வாரம் யாராவது ஒருவர் எட்டு மணிக்கு வந்து நிற்பது வழக்கம். பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர்.