கறுப்பு இப்போது எடுபடுகிறதாம்

அன்புள்ள அக்கா,

நான் புதுக்குடியிருப்புப் பக்கம். கிளிநொச்சியில் ஒரு சாறிக்கடை விளம்பரத்துக்கு என்னைப் படம் எடுத்தார்கள். முகநூலில் வந்தபோது பார்த்தால் முகம் என்னுடையது, நிறம் வேறு யாருடையதோ. கை மட்டும் என் நிறத்திலேயே இருந்தது. கேட்டதற்கு, "வெளிநாட்டு ஆக்களும் பாக்கிறது, பிள்ளை" என்றார்கள். போன மாதம் கொழும்பிலிருந்து ஒருவர் பேசினார். இப்போது கறுப்புக்குத்தான் மவுசாம், என் நிறத்தில் கைவைக்க மாட்டார்களாம். ஆனால் முள்ளிவாய்க்கால் பக்கம் உடைந்த கட்டடம் ஒன்றுக்கு முன்னால் எடுக்க வேண்டுமாம், நான் சின்ன வயதில் முகாமில் இருந்த கதையையும் படத்துக்குக் கீழே போடுவார்களாம். அம்மாவுக்கு விருப்பமில்லை. எனக்கு ஆசையாகவும் இருக்கிறது, ஒரு மாதிரியாகவும் இருக்கிறது. போகலாமா?

(பெயர் வேண்டாம்)

தங்கச்சிக்கு,

போகலாம். உடைந்த கட்டடத்துக்கு முன்னால் மட்டும் போய் நிற்காதீர்கள். பதில் இவ்வளவுதான், மிச்சம் அதற்கான காரணம், நேரமிருந்தால் வாசியுங்கள்.

முதலில் சாறிக்கடை. கடைக்காரரை ஏசலாம், ஆனால் அவர் எங்களைப் பார்த்துத்தான் பழகினார். எங்கள் பக்கத்துச் சாமத்திய வீட்டு ஆல்பம் எதையாவது விரித்துப் பாருங்கள். தாய், தகப்பன், மாமி எல்லாரும் சொந்த நிறத்தில் நிற்க, நடுவில் பிள்ளை மட்டும் பவுடர் டப்பாவுக்குள் விழுந்து எழும்பியதுபோல் இருப்பாள். ஸ்டூடியோப் பெடியன் அதைத் தன் விருப்பத்துக்குச் செய்யவில்லை. "கொஞ்சம் வெள்ளையாக்கி விடுங்கோ தம்பி" என்று காசு கொடுக்கிறவர்கள் சொன்னார்கள், செய்தான், கொஞ்சக் காலத்தில் யாரும் சொல்லாமலே செய்யப் பழகிவிட்டான்.

பெரிய கொம்பனிகளின் கதையும் கிட்டத்தட்ட இதுதான். கோடாக் நிறுவனம் கலர் படம் கழுவும் இடங்களுக்கு, நிறம் சரிபார்க்கவென்று ஒரு பெண்ணின் படம் போட்ட அட்டையை அனுப்பும். ஷெர்லி அட்டை என்பார்கள். பல பத்தாண்டுகளாக அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவளுடைய தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி, கறுத்த பிள்ளைகள் பல்லும் கண்ணுமாக விழுந்தது அவர்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. பிறகு பிலிமைத் திருத்தச் சொல்லி நெருக்கியவர்களில் சொக்லேற் கொம்பனிகளும் மரத் தளபாடக்காரரும் இருந்தார்கள் என்று கோடாக்கில் வேலை செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கறுப்புச் சொக்லேற்றும் பால் சொக்லேற்றும் விளம்பரத்தில் ஒரே மாதிரி இருந்ததாம்! சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கொழும்புக்காரர் சொன்ன மவுசு பொய்யில்லை. சூடான் யுத்தத்துக்குத் தப்பி 1991இல் லண்டனுக்கு அகதியாக வந்த அலெக் வெக்கை, 1995இல் ஒரு சந்தையில் கண்டு மொடலிங்குக்குக் கூப்பிட்டார்கள். 1997 நவம்பரில் அமெரிக்க 'எல்' சஞ்சிகையின் அட்டையில் வந்தார், நல்ல கறுப்பு, ஒட்ட வெட்டிய தலைமுடி. ஆனால் அதற்குப் பிறகும், 2013இல், பெத்தான் ஹார்டிசன், நவோமி கம்ப்பெல், இமான் என்ற பெயர்பெற்ற கறுப்பின மொடல்கள் மூன்று பேரும் நியூயோர்க், லண்டன், மிலான், பாரிஸ் பாஷன் அமைப்புகளுக்குக் கடிதம் எழுத வேண்டித்தான் வந்தது. கறுப்பினப் பெண்களில் ஒருவரைக்கூட மேடையேற்றாதவர்கள் யார், ஒப்புக்கு ஒருவரை மட்டும் ஏற்றியவர்கள் யார் என்று வடிவமைப்பாளர்களைப் பெயர் சொல்லி எழுதினார்கள். பொதுவாகக் கவலைப்பட்டு எழுதியிருந்தால் எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

மேடையில் நிறம் மாறிய அளவுக்கு உயரமும் ஒடுக்கமும் மாறவில்லை என்பதையும் கவனியுங்கள். பிரான்ஸில் 2017இலிருந்து மொடல்களுக்கு வைத்தியச் சான்றிதழ் வேண்டும், உடம்பை மெலியவோ பருக்கவோ வைத்துத் திருத்திய விளம்பரப் படத்தில் அதை எழுதியே போட வேண்டும். நிறத்தைத் திருத்தினால் அந்தச் சட்டமும் கேட்காது.

சரி, அந்தக் கட்டடத்துக்கு வருகிறேன். 2009க்குப் பிறகு வன்னிக்கு வந்த கமராக்களை நீங்களும் பார்த்துத்தான் வளர்ந்திருப்பீர்கள். கால் போனவரிடம் போனால் முதலில் பொய்க்காலை எடுப்பார்கள், முகம் பிறகு. கல்வீடு கட்டி முடித்தவரையும் பழைய தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால்தான் நிற்கச் சொல்வார்கள். இதோடு ஒப்பிட்டுத்தான் நான் எய்மி மல்லின்ஸை நினைப்பேன். இரண்டு காலும் முழங்காலுக்குக் கீழே இல்லாதவர். 1998இல் லண்டனில் அலெக்சாண்டர் மக்குவீன் என்ற உடுப்பு வடிவமைப்பாளரின் மேடையில் செதுக்கிய மரக்கால்களோடு நடந்தார், பார்த்தவர்களில் பலர் அவற்றைச் சப்பாத்து என்றே நினைத்தார்கள். அவர் அங்கே உடுப்பைக் காட்ட வந்த மொடல், எல்லாரையும்போல. உங்களைக் கூப்பிடுகிறவர் உங்களை அப்படிக் கூப்பிடவில்லை, நீங்கள் அழுத கதையையும் சேர்த்து, அதற்குத் தனியாகக் காசு தராமல் கேட்கிறார்.

இப்படிப் போகிறவர்களுக்குப் பெயரும் புகழும் கிடைக்காது என்று சொல்ல மாட்டேன். கென்யாவில் கக்கூமா அகதி முகாமில் பிறந்த ஹலீமா ஏடன் ஹிஜாப்போடு மேடையேறி உலகம் முழுக்கத் தெரிந்தவரானார். 2020 நவம்பரில் அவரே மேடையை விட்டு விலகினார், தன் சமய நம்பிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது என்று சொல்லி.

ஆகவே போவதற்கு முதல் வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள். எவ்வளவு காசு, எப்போது தருவார்கள், படத்தை எங்கெங்கே எத்தனை வருடம் பாவிப்பார்கள். "உங்களுக்கு நல்ல விளம்பரம்" என்று பதில் வந்தால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். நிறம் மாற்றுவதில்லை என்பதையும் எழுதித் தரட்டும். படத்துக்குக் கீழே போடும் வசனத்தை நீங்கள் வாசித்துச் சரி சொன்ன பிறகுதான் போட வேண்டும். முகாம் கதை உங்களுடையது, ஒருநாள் நீங்களே எழுத நினைக்கலாம், இப்போதே ஒரு சாறிக்குக் கீழே கொடுத்துவிடாதீர்கள். வன்னியில்தான் எடுக்க வேண்டுமென்றால் இரணைமடுக் குளக்கட்டைச் சொல்லிப் பாருங்கள், பின்னேர வெயில் கறுத்த தோலில் நன்றாக விழும், கமரா தெரிந்தவர் என்றால் அவருக்கே அது விளங்கும். இல்லை, அந்தக் கட்டடம்தான் வேண்டும் என்று நின்றால் கட்டடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகட்டும்.

கொழும்புக்குப் போவதானால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவருடைய பஸ் காசையும் சேர்த்தே கேளுங்கள்.