அரசியலமைப்பு சமத்துவம் பேசும்போது, இலங்கையில் முஸ்லிம் மகளுக்குப் பாதிப் பங்கு எப்படிச் சட்டமாக நிற்கிறது?

அதற்கு இடம் கொடுப்பதே அரசியலமைப்புத்தான். 1978 அரசியலமைப்பின் உறுப்புரை 12, மதம், பால் எதன் பேரிலும் பாகுபாடு கூடாது என்கிறது. அதே அத்தியாயத்தின் 16(1), ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணானாலும் செல்லும் என்கிறது. மரண சாசனம் எழுதாமல் இறந்த முஸ்லிமின் சொத்தை மார்க்கப்படி பங்கிடச் சொல்லும் சட்டம் 1931ஆம் ஆண்டினது. ஆகவே மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று. 12ஐக் காட்டி ஒரு மகள் இதை உடைக்க முடியாது.

நான் கிண்ணியாக்காரி. திருகோணமலை நகரில் நொத்தாரிசு ஒருவரிடம் காணி உறுதிப் பத்திரம் தயாரிக்கும் வேலை செய்கிறேன். இங்குள்ள தமிழர் சாசனமின்றி இறந்தால் 1876ஆம் ஆண்டுப் பொதுச் சட்டப்படி துணைக்கு அரைவாசி. மிச்சம் ஆண், பெண் பேதமில்லாமல் பிள்ளைகளுக்கு. அந்த வீட்டுப் பெண், யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட யாழ்ப்பாணத்தவரை மணந்தால், தன் சொந்தக் காணியை விற்கவும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மதத்தை மட்டும் குற்றம் சொல்பவர்கள் கந்தளாய்க் குடியேற்றக் காணிகளைப் பார்க்கட்டும். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் பின்னுரிமை அட்டவணையில் மகள்மாருக்கு முன்னால் மகன்மாரை வைத்தது அரசேதான். 2022இல்தான் அதைத் திருத்தினார்கள்.

சகோதரிகளைத் தாங்குவது ஆணின் கடமை, அதனால் அவனுக்கு இரட்டைப் பங்கு என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்த நியாயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் தாங்காத சகோதரனுக்குப் பங்கு குறைவதில்லையே! போரும் 2004 சுனாமியும் எத்தனை வீடுகளைப் பெண்களின் தலையில் இறக்கிவிட்டுப் போயின என்பது இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். கிழக்கில் வாப்பாமார் மகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்துத்தான் கலியாணம் முடிக்கிறார்கள். அது பழைய வழக்கம், நல்ல வழக்கம். எழுதுவதற்கு முன்பே வாப்பா மௌத்தாகிவிட்டால் அந்த வீடும் வயலோடு சேர்ந்து பங்குக்கு வந்துவிடுகிறது.

என் நிலைப்பாடு இது: 16(1) போக வேண்டும், சாசனமில்லாத இடத்தில் எல்லா இலங்கையருக்கும் சமபங்கு வேண்டும். மார்க்கப்படி பங்கிட விரும்புபவர் அப்படியே மரண சாசனம் எழுதலாம். அந்தச் சுதந்திரம் இங்கே முஸ்லிம்களுக்கும் உண்டு. நம்பிக்கையோடு எழுதியவரின் கையை யாரும் பிடிக்கப் போவதில்லை.

சட்டம் மாறும்வரை, வாப்பா உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி முடியுங்கள். அவரும் உம்மாவும் கடைசிவரை அந்த வீட்டில் இருக்கச் சீவிய உருத்தை ஒதுக்கி வைக்கலாம். மீளப்பெற முடியாதது என்ற வசனம் உறுதிக்குள் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். 1931ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த வசனம் இல்லாத நன்கொடையை மீளப்பெற முடியாததாகக் கொள்ள மாட்டார்கள்.