வங்கியில் ஓடிய ஸ்டோரேஜ் பெட்டி அச்சகத்துக்கு வேண்டுமா?

கேள்வி: சிவகாசியில் ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறோம். காலண்டர், லேபிள், அட்டைப்பெட்டி வேலைகள். டிசைன் பிரிவில் 14 கணினிகள். பழைய கோப்புகளோடு சேர்த்து 6 டிபி இருக்கும். ஒரு பழைய கணினியின் ஷேர் ஃபோல்டரில் பாதி, மேஜை டிராயரில் கிடக்கும் வெளி ஹார்ட் டிஸ்குகளில் மீதி. ஒரு வங்கியின் டேட்டா சென்டரில் இருந்து கழற்றிய ஸ்டோரேஜ் பெட்டியை 2.25 லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார் சென்னை வியாபாரி ஒருவர். டிஸ்குகளை இயக்கும் கன்ட்ரோலர் இரண்டு, 24 டிஸ்க், இணைப்பு ஃபைபர் சேனல் (சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் தனி முறை). கடையில் விற்கும் சின்ன நாஸ் பெட்டிகளைவிட (நெட்வொர்க்கில் நேரடியாகச் செருகி ஃபோல்டர்களைப் பகிரும் பெட்டி) இது பல மடங்கு உறுதி என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பெட்டி மோசமானது என்பதால் சொல்லவில்லை. வங்கி அதை வாங்கியபோது கொடுத்த பணத்தில் பெரும்பகுதி, உங்களுக்கு வரப்போகிற இரும்பில் இல்லை. ராத்திரி 2 மணிக்கு ஒரு டிஸ்க் செத்தால், தயாரிப்பாளரின் ஆள் மாற்று டிஸ்கோடு சில மணி நேரத்தில் வந்து நிற்பார். அந்த ஒப்பந்தத்துக்கும், அதோடு வரும் மென்பொருள் திருத்தங்களுக்கும்தான் அந்த விலை. ஒப்பந்தம் வங்கியோடு முடிந்துபோயிற்று. உங்களிடம் வருவது கனமான, சத்தமான, கேட்பாரற்ற ஒரு பெட்டி.

வியாபாரி சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபைபர் சேனல் பெட்டியில் உங்கள் 14 கணினிகளின் நெட்வொர்க் வயரைச் செருக முடியாது. அதற்குத் தனி கார்டு, தனி கேபிள், பல சர்வர்களை இணைப்பதானால் பெரும்பாலும் தனி சுவிட்ச் (வயர்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டி) வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பெட்டி ஃபோல்டர்களைப் பகிர்வதே இல்லை. சர்வர் ஒன்றுக்கு வெறும் டிஸ்காக மட்டும் தன்னைக் காட்டும். அந்த டிஸ்கை ஃபார்மட் செய்து, ஃபோல்டர் போட்டு, டிசைனர்களுக்குத் திறந்துவிட வேண்டியது சர்வரின் வேலை. சர்வர் எதற்கு என்று ஒரே டிஸ்கை இரண்டு விண்டோஸ் கணினிகளுக்கு நேரடியாகக் கொடுத்தால், ஒன்று எழுதுவது மற்றதற்குத் தெரியாமல் சில நாளில் கோப்பு அமைப்பே சிதைந்துவிடும். ஆக 2.25 லட்சத்துக்கு மேல் ஒரு சர்வரும், இதையெல்லாம் கட்டி மேய்க்கத் தெரிந்த ஆளும் வேண்டும். ஒரே பெட்டியில் ஃபோல்டர் பகிர்வையும் செய்யும் பெருநிறுவன ஸ்டோரேஜ்கள் உண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கும் விவரத்தைப் பார்த்தால் இது அந்த வகையாகத் தெரியவில்லை.

அடுத்து டிஸ்குகள். வங்கிகள் வாடிக்கையாளர் தரவு இருந்த டிஸ்கைப் பொதுவாக வெளியே விடுவதில்லை, அழித்துவிடுவார்கள். எனவே அந்த 24 டிஸ்கும் வேறு வேறு இடங்களில் பொறுக்கிச் சேர்த்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். எத்தனை மணி நேரம் ஓடியவை என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேளுங்கள், பதிலிலேயே பாதி புரிந்துவிடும். ஒன்று பழுதானால் கடையில் வாங்கிய டிஸ்கைப் போட்டுவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். இந்த வகைப் பெட்டிகள் பல, தயாரிப்பாளரின் சொந்த ஃபர்ம்வேர் (டிஸ்குக்குள்ளேயே பதித்த மென்பொருள்) உள்ள டிஸ்கை மட்டுமே ஏற்கும். நெட்ஆப், இஎம்சி நிறுவனங்களின் பெட்டிகள் பலவற்றில் டிஸ்கின் செக்டர் (தரவை எழுதும் மிகச் சிறிய கட்டம்) 520 பைட். உங்கள் கணினி எதிர்பார்ப்பது 512. அதனால் கன்ட்ரோலர் போய்விட்டால் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டித் தரவை எடுத்துக்கொள்ளலாம் என்ற கடைசி நம்பிக்கையும் கிடையாது.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 24 டிஸ்க் பெட்டி சராசரியாக 450 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு பகலாக ஓடினால் மாதம் 324 யூனிட். வெளியே வரும் வெப்பத்துக்கு ஏசி தனி. சிவகாசி வெயிலில் அந்த ஏசியை நிறுத்தவும் முடியாது. நான்கு டிஸ்க் நாஸ் ஒன்று 40 வாட்டில் ஓடினால் மாதம் 29 யூனிட்டுக்குள் முடிந்துவிடும்.

சரி, வேகமாவது கிடைக்குமா? உங்கள் சுவிட்ச் ஒரு கிகாபிட் என்றால் பின்னால் எந்தப் பெட்டி இருந்தாலும் ஒரு கணினிக்கு விநாடிக்கு 110 எம்பி அளவுக்குத்தான் வந்து சேரும். நல்ல ஹார்ட் டிஸ்க் ஒன்றே தொடர் வாசிப்பில் அதைத் தாண்டிவிடும். 2 ஜிபி கோப்பைத் திறக்க 18 விநாடி ஆவதற்குக் காரணம் வயர், டிஸ்க் இல்லை. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கோப்பைத் திறக்கும்போது திணறுகிறது என்றால், 10 கிகாபிட் போர்ட் உள்ள நாஸை அதே வேகப் போர்ட் கொண்ட சுவிட்சில் கோத்தால் போதும். டிசைனர்களின் கணினிகள் பழைய வேகத்திலேயே இருக்கலாம். பிறகு அவற்றை 2.5 கிகாபிட்டுக்கு ஏற்றினாலும், சுவரில் பதித்த கேட் 5இ வகை நெட்வொர்க் வயர் 100 மீட்டர் வரை தாங்கும். உடைத்து மாற்ற வேண்டியதில்லை.

எந்தப் பெட்டி என்று தேடுவதற்கு முன்னால் இரண்டு கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோப்புகள் எட்டாமல் போனால் எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள்? எத்தனை மணி நேர வேலையைத் திரும்பச் செய்ய முடியும்? உங்கள் தொழிலில் இந்தப் பதில் ஆண்டு முழுக்க ஒன்றாக இருக்காது. ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளிவர வேண்டும். அதற்கு முந்தைய வாரங்களில் அரை நாள் நின்றாலே கை பிசைய வேண்டியதுதான். தை மாதத்தில் ஒரு நாள் நின்றால் எரிச்சலோடு போய்விடும். வங்கிக்கு எந்த நாளிலும் பத்து நிமிடம் நிற்க முடியாது. ஒரு கன்ட்ரோலர் போனாலும் மற்றது தொடரும் இரண்டு கன்ட்ரோலர் பெட்டி அந்தப் பத்து நிமிடத்துக்காகச் செய்தது. உங்களுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முந்தைய லேபிளை அப்படியே மறுபடி அடித்துத் தரச் சொல்லி வாடிக்கையாளர் வருவார். அந்தக் கோப்பு டிராயரில் இருக்கும் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் இருக்கும். அந்த டிஸ்க் திறக்காது.

அதனால் பணத்தை இரண்டாவது பிரதிக்குச் செலவழியுங்கள். நான்கு டிஸ்க் நாஸ் ஒன்று, ஒவ்வொரு டிஸ்கும் 8 டிபி, ரெய்டு 6 (பல டிஸ்குகளை ஒன்றாகக் கட்டி, சில பழுதானாலும் தரவைக் காக்கும் முறை). இரண்டு டிஸ்க் ஒரே நேரத்தில் போனாலும் தரவு நிற்கும், 16 டிபி இடம் மிஞ்சும். ஒரு டிஸ்க் பழுதை மட்டும் தாங்கும் ரெய்டு 5 போட்டால் 24 டிபி கிடைக்குமே என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். பெரிய டிஸ்க் ஒன்று செத்தபின் புது டிஸ்கில் மறுபடி கட்டி முடிக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அந்த நேரம் முழுக்க மற்ற டிஸ்குகள் விடாமல் படிக்கப்படும். அப்போது இன்னொன்று போனால் ரெய்டு 5 மொத்தமும் போச்சு. 6 டிபி வைத்திருப்பவருக்கு அந்தக் கூடுதல் இடம் எதற்கு?

டிஸ்க் வாங்கும்போது நாஸுக்கென்றே விற்பவையா, சிஎம்ஆர் வகையா (தடங்களை ஒன்றின்மேல் ஒன்று படாமல் எழுதுவது) என்று பாருங்கள். நாஸுக்கென்று விற்ற தன் ரெட் வரிசையில் சில டிஸ்குகளை, ரெய்டில் மறுகட்டும்போது திணறும் எஸ்எம்ஆர் முறையில் (தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எழுதுவது) வெளியே சொல்லாமல் வெஸ்டர்ன் டிஜிட்டல் செய்திருந்தது 2020-ல் அம்பலமாயிற்று. அதன்பின் சிஎம்ஆர் டிஸ்குகளை ரெட் பிளஸ் என்று தனிப் பெயரில் பிரித்தார்கள். பெரிய பிராண்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ரெய்டு போட்டாயிற்று, பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் நிறைய. ரெய்டு டிஸ்க் பழுதை மட்டும்தான் தாங்கும். யாராவது ஃபோல்டரை அழித்தால் எல்லா டிஸ்கிலும் ஒரே நொடியில் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தாலும் அப்படியே. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரேன்சம்வேர், இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவைத்திருந்த கியூநாப் நாஸ் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. அதனால் வீட்டிலிருந்து கோப்பைப் பார்க்க வேண்டும் என்று ரூட்டரில் போர்ட் திறந்துவிடாதீர்கள், விபிஎன் (மறைகுறியிட்ட தனி இணைப்பு) வழியாக வாருங்கள். நாஸில் ஸ்னாப்ஷாட் வசதி, அதாவது கோப்புகளின் அந்தந்த நேர நிலையைப் பதிந்துவைக்கும் வசதி, இருக்க வேண்டும். மணிக்கொரு முறை எடுக்கும்படி வைத்தால், அழித்த கோப்பை நீங்களே சில நிமிடத்தில் மீட்கலாம்.

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய விதி இது. பெரிய கோப்புகளோடு மாரடிப்பவர் வகுத்ததாலோ என்னவோ அச்சகங்களுக்கு அப்படியே பொருந்துகிறது. முதல் பிரதி நாஸில். இரண்டாவது, வாரம் ஒருமுறை எழுதிவிட்டுக் கழற்றி வைக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க். மாட்டியே இருந்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். மூன்றாவது, உங்கள் வீட்டிலோ வேறு யூனிட்டிலோ இரண்டு டிஸ்க் நாஸ். கிளவுட் போதாதா என்றால், 100 எம்பிபிஎஸ் அப்லோடு தடங்கலின்றி ஓடினாலும் 6 டிபி ஏற ஐந்தரை நாள் ஆகும், இறக்குவதற்கும் அதே கதை. நடப்பு ஜாப்களும் கணக்குக் கோப்புகளும் மட்டும் கிளவுடுக்குப் போகட்டும். ஒருவரே உரிமையாளராக நடத்தும் தொழிலாக இல்லாமல் பிரைவேட் லிமிடெட் நிறுவனமாக இருந்தால், கணக்குப் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று 2022-ல் விதி வந்திருக்கிறது. கிளவுட் நிறுவனத்திடம் சர்வர் எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நாஸுக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி, அதன் யூஎஸ்பி வயரை நாஸில் செருகுங்கள். கரண்ட் போய் பேட்டரி தீரும் முன் பெட்டி தானே ஒழுங்காக அணையும். இவ்வளவும் சேர்ந்து அந்த 2.25 லட்சத்தை ஒட்டி வரலாம். டிஸ்க் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது, இரண்டு மூன்று இடத்தில் கோட்டேஷன் வாங்குங்கள்.

இந்தப் பதில் எல்லாச் சிறு நிறுவனத்துக்கும் பொருந்தாது. மூன்று நான்கு சர்வர்களில் மெய்நிகர் கணினிகளை (ஒரே சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் பல கணினிகள்) ஓட்டி, அதன்மேல் ஈஆர்பி (நிறுவனத்தின் எல்லா வேலைகளையும் நிர்வகிக்கும் மென்பொருள்), பில்லிங் எல்லாம் வைத்து, ஒரு மணி நேரம் நின்றால் கேட்டில் லாரிகள் தேங்கும் நிறுவனமாக இருந்தால் இரண்டு கன்ட்ரோலர் நியாயமான செலவுதான். அப்போதும் புதியதாக, ஐந்து வருட ஒப்பந்தத்தோடு, டெல் பவர்வால்ட் அல்லது எச்பிஇ எம்எஸ்ஏ போன்ற தொடக்க வரிசையில் வாங்குங்கள்.

நாஸ் வந்து ஒரு மாதம் ஆனதும் பழைய லேபிள் ஜாப் ஒன்றை இரண்டாம் பிரதியிலிருந்து வேறு கணினியில் இறக்கி, ஃபான்ட், இணைத்த படங்கள் எல்லாம் சரியாகத் திறக்கின்றனவா என்று உங்கள் டிசைனர் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அச்சுப் பிளேட் எடுக்கும் நிலைக்கு எத்தனை நிமிடத்தில் வந்தது என்று குறித்துவைத்து, ஆனி மாதத்தில் இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள்.