தட்டில் ஒட்டும் வஞ்சிரம்

கேள்வி: கழற்றி மாட்டும் தட்டுள்ள எலக்ட்ரிக் கிரில்லில் வஞ்சிரம் வைத்தால் மசாலா முழுக்கத் தட்டோடு போய்விடுகிறது. புகையும் வருகிறது. ஏன்?
– வாசகி, மயிலாப்பூர்

பதில்: தட்டு காயும் முன்பே மீனை வைப்பதுதான் முதல் காரணம். மூடியபடி 5 முதல் 8 நிமிடம் காயவிடுங்கள்; ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் 'சுர்'ரென்று துள்ளி மறைய வேண்டும். மசாலா கெட்டியாக இருக்கட்டும். எண்ணெயைத் தட்டில் ஊற்றாமல் மீன்மேல் தடவுங்கள். பள்ளங்களில் தேங்கும் எண்ணெய்தான் புகைகிறது. விரல் கனத் துண்டுக்கு, இரு பக்கமும் சூடு படும் கிரில்லில் 6, 7 நிமிடம் போதும். நடுவில் கிளறவே கூடாது. அடிப்பக்கம் முறுகியதும் மீன் தானாகவே விட்டுவரும்.

பிளக்கைக் கழற்றி, நன்றாக ஆறியபின் தட்டை எடுத்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு ஸ்பாஞ்சால் தேயுங்கள். ஸ்டீல் நார் வேண்டவே வேண்டாம், கோட்டிங் போய்விடும். சூட்டோடு குழாயடியில் காட்டினால் தட்டு வளைந்து, பிறகு கொக்கியில் சரியாக உட்காராது. மாட்டும் முன் பின்பக்க ஈரத்தைத் துடையுங்கள்.

2000 வாட் கிரில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் மட்டும் செருகுங்கள்.