அயல் விலங்கு எங்கே பரவும்? காலநிலை மாடல் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: இந்த மாடல்கள் எப்படித்தான் கணிக்கின்றன?

பதில்: விலங்கு பதிவான இடங்களை எடுத்து, அங்குள்ள வெப்பத்தையும் மழையையும் பார்த்து, அதே போன்ற சூழல் வேறெங்கே உண்டு என்று தேடுகின்றன. மேக்ஸென்ட் என்ற மென்பொருள் செய்வது இதைத்தான். வரைபடத்தில் சிவப்பு என்றால் 'இங்கே பிழைக்கலாம்' என்று பொருள். 'இங்கே வந்துவிடும்' என்று அது சொல்லவில்லை.

கேள்வி: உயிரினங்கள் எங்கே காணப்பட்டன என்று திரட்டித் தரும் ஜிபிஃப் (GBIF) தளத்தில் இறக்கிய பதிவுகளை அப்படியே மாடலுக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. முதலில் வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். நிலத்து நத்தை ஒன்று கினி வளைகுடாவில் நடுக்கடலில் உட்கார்ந்திருக்கும். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலும் 0 விழுந்த பதிவு அது. அதை நீக்கிவிட்டு, சாலையோரத்தில் புள்ளிகள் மொய்ப்பதைக் கவனியுங்கள். அங்கே விலங்கு அதிகம் என்று அர்த்தமில்லை, பார்க்கிற ஆள் அதிகம்.

கேள்வி: ஆப்பிரிக்க ராட்சத நத்தைக்கு எங்கள் பகுதி சிவப்பாக இருக்கிறது. அடுத்த மழைக்கு வந்துவிடுமா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பர்மிய மலைப்பாம்புக்கு இரண்டு வரைபடங்கள் பார்த்தேன். ஒன்றில் அமெரிக்காவின் தெற்கு மூன்றில் ஒரு பங்கு, மற்றதில் ஏறக்குறைய ஃபுளோரிடாவின் தென்முனை மட்டும். எது சரி?

பதில்: நல்ல கேள்வி. 2008 வாக்கில் வந்த இரண்டுமே அதன் தாயகப் பதிவுகளை வைத்துப் போட்டவைதான். முதல் குழு மாத சராசரி வெப்பம், மழை இரண்டோடு நிறுத்திக்கொண்டது. மற்றது மேக்ஸென்ட்டில் நிறைய மாறிகளை, அதாவது பலவகை வெப்ப, மழை அளவுகளைப் போட்டது. மாறிகள் கூடக் கூட மாடல் பதிவான இடங்களையே மனப்பாடம் செய்துவிடும், வரைபடம் சுருங்கும். அதன் நெருங்கிய உறவான இந்திய மலைப்பாம்பின் பதிவுகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது தனிச் சண்டை.

கேள்வி: 2010 ஜனவரிக் குளிரில் பாம்புகள் செத்தனவே! சின்ன வரைபடம்தான் சரி என்று அப்போதே முடிவாகிவிட்டதே?

பதில்: அவசரப்படாதீர்கள். ஃபுளோரிடாவின் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் ரேடியோ பொருத்திக் கண்காணித்த 10 பாம்புகளில் 9 செத்தன, உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டம் அழியவில்லை. குளிரில் வெயில் காய வெளியே வந்தது செத்தது, பொந்துக்குள் கிடந்ததற்குப் பிழைக்க வாய்ப்பு இருந்தது. அந்தப் பொந்தின் வெப்பம் மாடலுக்குக் கொடுக்கும் எந்த வெப்ப வரைபடத்திலும் இல்லை. பிழைத்தவையின் குட்டிகள் குளிரை இன்னும் தாங்கினால் தாயகத்து எல்லையை வைத்துப் போட்ட கணக்கே ஆட்டம் காணும். அதற்காகப் பெரிய வரைபடம் சரி என்றும் நான் சொல்லவில்லை. மாத சராசரிக்கு ஓர் இரவின் உறைபனி தெரியாது.

கேள்வி: அப்படியானால் மாடலே வீண்தானே?

பதில்: இல்லை. 1935இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன கரும்புத் தேரைக்கு உடலியலிலிருந்தே மாடல் போட்டார்கள்: எந்த வெப்பத்தில் அதால் தாவ முடியும், தலைப்பிரட்டை வளர நீர் எத்தனை நாள் தேங்க வேண்டும் என்று. வேலை அதிகம். ஆனால் பதிவே இல்லாத புதுச் சூழலுக்கு அதைத்தான் நம்புவேன்.

கேள்வி: சிங்கமீனுக்கு எந்தக் காற்று வெப்பத் தரவு நல்லது?

பதில்: எதுவும் இல்லை. அது கடலில் இருக்கிறது. நீரின் குளிர்கால வெப்பத்தைப் போடுங்கள். 10 டிகிரிக்கு இறங்கினால் அது தாங்காது.

கேள்வி: எங்கள் ஊரும் சிவப்பு. புலிக்கொசு வருமா?

பதில்: மறுபடியுமா! சரி, பழைய டயர்கள் எங்கிருந்து வந்து இறங்குகின்றன என்று விசாரியுங்கள். டயருக்குள் ஒட்டிய முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். வெப்ப வரைபடத்தை அப்புறம் திறக்கலாம்.